மூன்றாவது பெஞ்ச்

ஜார்ஜ் ஐயருக்குக் காது கேட்காது என்பது புனே முழுவதிலும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அவர் மனைவி சத்தியவதி. சோதித்துப் பார்த்த டாக்டருக்கும் தெரியும்தான். ஆனால் அவர் அடுத்த நோயாளி உள்ளே வந்ததும் மறந்திருப்பார்.

ஐயர் என்றதும் பூணூலைத் தேட வேண்டாம். திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவர்கள் தங்கள் பாதிரியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி ஐயரம்மா. ஊர் விட்டு ஊர் வந்தாலும் இந்த வழக்கம் கூடவே வந்துவிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருவரும் புனேயின் கட்கி பகுதித் தமிழ்ச் சபைக்கு வந்து சேர்ந்தபோது சபையில் பாதிப் பேர் வெடிமருந்துத் தொழிற்சாலைக்காரர்கள், மீதிப் பேர் டீச்சர்களும் நர்சுகளும் ராணுவ அலுவலகக் குமாஸ்தாக்களும். பிறகு வாகட் பக்கம் அடுக்குமாடிகள் முளைத்தன. கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் கழுத்து அட்டையைக் கழற்ற மறந்து கோயிலுக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஐயர் என்கிற சொல் வாயில் நுழையவில்லை. பாஸ்டர் அங்கிள், ஆன்ட்டி என்றார்கள். ஐயர் எதற்கும் திரும்பிப் பார்த்தார், அப்போது காது கேட்டது.

இரண்டாயிரம் பிறக்கிற சமயத்தில் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். அதெல்லாம் நிற்கவில்லை. நின்றது ஐயரின் வலது காது. சில மாதம் கழித்து இடதும் அதன் வழியே போனது. காது நரம்பு தளர்ந்துவிட்டது என்றார் டாக்டர். ஒரு மெஷினை மாட்டிப் பார்த்தார்கள். அது கீச்சென்று கத்தியதே தவிர ஒரு வார்த்தையைக் காதில் சேர்க்கவில்லை. அதைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள்.

"சபையில சொல்லிருவோமே" என்றார் ஐயர்.

சத்தியவதி அவர் முகத்துக்கு நேரே வந்து, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள். "சொல்லிட்டு? அடுத்த ஞாயித்துக்கிழமையே மாலையைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிருவாக. பிரசங்கம் பண்ணாம ஒரு வாரம் இருப்பியளா நீங்க? எனக்குத் தெரியும்லா. நான் பாத்துக்கிடுதேன். நீங்க என்னைய மட்டும் பாருங்க."

அப்படித்தான் அந்த ஏற்பாடு தொடங்கியது.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்காரும் கோயில் அது. பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சின் நடைபாதை ஓரம் சத்தியவதியின் இடம். பிரசங்க பீடத்திலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். ஜெபம் தொடங்கினால் பெண்கள் முந்தானையை இழுத்து முக்காடு போடுவார்கள், ஆமென் சொன்னதும் இறக்குவார்கள். தாய் வழியாக மகளுக்கு வருகிற பழக்கம், யாரும் யோசித்துச் செய்வதில்லை. ஐயருக்கு அதுவே காதாக ஆனது. வேறு யாராவது எழுந்து ஜெபம் பண்ணும்போது அவர் அரைக்கண்ணால் சத்தியவதியின் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். முக்காடு இறங்கினால் இவரும் ஆமென்.

பாட்டில்தான் தொல்லை. ஞானப்பாட்டு என்றால் சரணங்களை எண்ணிக்கொண்டு நின்றுவிடலாம். கீர்த்தனை அப்படி ஒழுங்குக்கு அடங்காது. ஜனங்களுக்கு உற்சாகம் பிறந்துவிட்டால் பல்லவிக்கே திரும்பத் திரும்பப் போவார்கள். டோலக் வாசிக்கிற சேவியர் கையைத் தூக்குகிற வரை அது முடியாது, சேவியரோ லேசில் கையைத் தூக்குகிறவனல்ல. அதனால் பாட்டு உண்மையாகவே முடிந்ததும் சத்தியவதி புத்தகத்தை மூடி மடியில் வைப்பாள். ஐயரின் குரல் அளவு தெரியாமல் ஏறிவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவாள். காலடியில் கைப்பை இருந்தால் பேசலாம். பை மடிக்கு வந்துவிட்டால், அடுத்த ஆராதனைக்கு மராத்திச் சபையார் வாசலில் வந்து நிற்கிறார்கள், முடித்துக்கொள்ள வேண்டும். ஒரே கோயிலை மூன்று பாஷைக்காரர்கள் முறை வைத்துப் பங்குபோடுகிற இடத்தில் நேரம் தவறினால் பரலோகம் போனாலும் மன்னிப்புக் கிடையாது.

வீட்டுக்கு வந்து கஷ்டத்தைச் சொல்லி அழுகிறவர்கள் விஷயமும் இப்படித்தான். ஐயர் தலையசைத்துக் கேட்பார். சத்தியவதி அடுக்களை வாசலில் கீரை ஆய்ந்தபடி உண்மையிலேயே கேட்பாள். அவர்கள் போனதும் அவருக்கு எதிரே உட்கார்ந்து வாயசைத்துச் சொல்லுவாள். அவர் பெயர் பெயராக ஜெபம் பண்ணுவார். ஒரே ஒரு தடவை தவறிப்போனது. அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சேவியர் வந்து, ஆவடிக்கு மாற்றல் வந்துவிட்டது, பிள்ளைகள் படிப்புப் பாழ் என்று புலம்பியிருக்கிறான். ஐயர் அவன் கையைப் பிடித்து, "ரொம்ப சந்தோஷம் தம்பி, ஸ்தோத்திரம்" என்றிருக்கிறார். சேவியர் பேயறைந்தவன் மாதிரி வீட்டுக்குப் போனான். அடுத்த வாரம் மாற்றல் ரத்தாகிவிட்டது. ஐயருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்று சபை முழுக்கப் பேச்சு. லோஹேகாவிலிருந்தெல்லாம் விமானப்படைக் குடும்பங்கள் ஆட்டோ பிடித்து வந்து, தங்களுக்கும் எப்போது மாற்றல் வரும் என்று கேட்டார்கள். சத்தியவதி அதன் பிறகு கடைக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள்.

பிரசங்கம் முழுவதும் ஐயர் மனைவியையே பார்த்துப் பேசுகிறார் என்பது மட்டும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்காரும் பவுன் வேலூர்க்காரி, மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறவள். "உன்னையேதாம்மா பாத்துப் பேசறாரு ஐயா. எங்க வூட்டு ஆளு கல்யாண போட்டோல கூட கேமராவத்தான் பாத்துக்கினு இருந்தாரு" என்பாள். சத்தியவதி, "சும்மா இரி பவுன்" என்று சொல்லுவாள். சொல்லும்போது முகம் சிவக்கும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காது கேட்ட காலத்தில் ஐயர் அவளைப் பார்த்ததே கிடையாது. பீடத்தில் நின்றால் பின்சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். சாப்பிட உட்கார்ந்தால் செய்தித்தாளைப் பார்ப்பார். எந்தச் சேலை கட்டியிருக்கிறாள் என்று கண்ணை மூடச்சொல்லிக் கேட்டால் திருதிருவென்று முழித்திருப்பார். கெட்ட மனிதரல்ல, சபையே அவருக்குக் கண் நிறைய இருந்தது. காது போன பிறகுதான் அந்தக் கண் அவள் பக்கம் வந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ரொம்பவே பிடித்திருந்தது. புருஷனுக்குக் காது போனதில் சந்தோஷப்படுகிறவளை நரகத்தில் எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று ஒருநாள் யோசித்தாள். எழுந்து துணி காயப்போடப் போனாள்.

2006-இல் ஐயருக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. இன்னும் ஒரே ஒரு ஞாயிறு தாண்டினால் போதும், ரகசியம் பத்திரமாகக் கரையேறிவிடும் என்று சத்தியவதி நினைத்திருந்தபோது டேனியல் வந்தான். சபைச் செயலாளர், வாகட்டில் வீடு, வாய் நிறைய நல்லெண்ணம்.

"ஆன்ட்டி, எல்லா சர்ச்லயும் பாஸ்டருக்கு மட்டும்தான் ஃபேர்வெல். வைஃபுக்கு ஒரு புடவை, அவ்ளோதான். நாங்க அப்படி பண்ண மாட்டோம். இது கப்பிளுக்கு. ரெண்டு பேரும் மேடைல. ராஜா ராணி சேர் சொல்லியாச்சு, கல்யாணத்துல போடுவாங்களே, சிவப்பு வெல்வெட், அது."

"எனக்கு எதுக்கு தம்பி மேடையும் கீடையும்? நான் என் இடத்துலயே இருந்துக்கிடுதேன்."

"அதான் ஆன்ட்டி பாயிண்டே! இத்தனை வருஷம் கீழயே உக்காந்துட்டீங்க."

"நான் கீழ இருந்தாத்தான் ஐயாவுக்கு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். "அப்போ ரெண்டு நாற்காலியையும் எதிரும் புதிருமாப் போடுங்களேன்."

டேனியல் சிரித்தான். "அரே ஆன்ட்டி, செஸ் விளையாடவா? டென்ஷன் மத் லோ, கவலைய விடுங்க. எல்லாம் செட்."

அவன் போன பிறகு பவுனும் வேறு இரண்டு பெண்களும் வந்து, ஐயரம்மாவின் தாழ்மையைப் பார்த்தீர்களா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செய்யாத புண்ணியத்துக்குப் பாராட்டு வாங்குவது பெரிய இம்சை. சத்தியவதி அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஐயரைக் கட்டிலில் உட்கார வைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. முழங்கையால ஒரு இடி இடிச்சா எந்திரிக்கணும். ரெண்டு இடின்னா உக்காரணும். கிள்ளுனா பேசணும். வெளங்குதா?"

"இடிக்கதையும் கிள்ளுததையும் சபைக்கு முன்னாலயா?"

"மாலைக்கு அடியில இடிக்கது யாருக்குத் தெரியப் போகுது?"

ஒத்திகை பார்த்தார்கள். ஐயர் முதலில் இடித்தால் உட்கார்ந்தார், கிள்ளினால் எழுந்தார், அறுபத்தைந்து வயதில் ஒரு தடவை சிரிப்பை அடக்க முடியாமல் கட்டிலில் சாய்ந்துவிட்டார். சத்தியவதிக்குச் சிரிப்பு வரவில்லை. விழாவுக்குப் பேராயரே வருகிறார். சபையே இருக்கும். ஐயர் எல்லோர் முன்னாலும் திருதிருவென்று முழித்து, ஆறு வருஷமாகக் கேட்காமல்தான் தலையாட்டினாரா என்று நாலு பேர் கேட்டுவிட்டால், இந்த ஊரில் அவர் செய்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடித்துக்கொண்டு போய்விடும். அவள் மறுபடி இடித்தாள். இந்த முறை அவர் சரியாக எழுந்தார்.

அந்த ஞாயிறும் வந்தது. ஆராதனை முடிந்து மேடை தயாரானது. மராத்திச் சபையார் பெருந்தன்மையாக ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்திருந்தார்கள். பக்கத்துக் கூடத்தில் பிரியாணி தம்மில் இருந்தது, வாசனை உள்ளே வரை வந்து பக்தியைச் சோதித்தது. பீடத்துக்கு முன்னால் சிவப்பு நாற்காலிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பார்த்ததும் சத்தியவதிக்கு மூச்சு வந்தது. பேராயருக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி.

அதைப் பார்த்த சபை மூப்பர்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. பேராயரை ஓரத்தில் உட்கார வைக்கிற சபை உருப்படுமா? மேடையில் யார் நடுவில் என்பதற்காக ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திக்கொண்ட சபைகளெல்லாம் உண்டு. இரண்டு மூப்பர்கள் ஓடி வந்து, டேனியல் தடுக்கத் தடுக்க, பேராயரின் நாற்காலியைத் தூக்கி ஐயருக்கும் ஐயரம்மாவுக்கும் நடுவில் போட்டுவிட்டு, திருப்தியாக இறங்கிப் போனார்கள்.

பேராயர் மராத்திக்காரர், நல்ல மனிதர், ஆள் கொஞ்சம் அகலம். அவர் உட்கார்ந்ததும் ஐயர் சத்தியவதியின் கண்ணிலிருந்தே மறைந்துபோனார். இடிப்பதற்கும் கிள்ளுவதற்கும் கைக்குக் கிடைத்தது பேராயர்தான்.

பாடகர் குழு பாடியது. கீபோர்டு வாசிக்கிற டெக்ஸ்டர் கடைசிச் சுரத்தை நீட்டிவிட்டு, கையை எடுத்தான். ஐயரின் விரல் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. எல்லோரும் அமைதியாக அதைப் பார்த்தார்கள். பரவசம் என்று முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். டேனியல் வாழ்த்துப் பத்திரத்தை எழுத்துக்கூட்டி வாசித்தான். ஐயர் புன்னகையோடு கேட்டார். மறைந்துபோன மூப்பர்களை நினைவுகூரும் பத்தி வந்தபோதும் அதே புன்னகையோடுதான் இருந்தார். சத்தியவதி முன்னால் சாய்ந்து பார்த்தாள், பின்னால் சாய்ந்து பார்த்தாள். பேராயர் அவளுக்கு முதுகு வலிக்கிறதாக்கும் என்று கருணையோடு ஒரு குஷனை எடுத்துக் கொடுத்தார்.

பொன்னாடை போர்த்தினார்கள். மாலை போட்டார்கள். டேனியல் மைக்கைப் பிடித்தான். "இப்போ பாஸ்டர் அங்கிள் ஏற்புரை தருவாங்க."

ஐயர் அசையவில்லை.

"பாஸ்டர் அங்கிள்... ஏற்புரை."

ஜனங்களுக்குள் ஒரு சலசலப்பு எழுந்தது. பேராயர் ஐயரின் தோளை மெல்லத் தொட்டார். ஐயர் துள்ளி எழுந்தார். எதிரே அத்தனை முகங்களும் எதையோ எதிர்பார்த்துத் தன்னைப் பார்ப்பதைக் கண்டார். மாலை போட்டாயிற்று, எல்லோரும் காத்திருக்கிறார்கள், இன்னும் என்ன பாக்கி இருக்க முடியும்? இரண்டு கைகளையும் உயர்த்தி நிறைவு ஆசீர்வாதத்தைத் தொடங்கிவிட்டார்.

பல வருஷப் பழக்கம் லேசானதா? அவர் கை உயர்ந்ததும் சபை முழுக்க எழுந்து நின்று தலை குனிந்து கண்ணை மூடியது. பெண்கள் பக்கம் வரிசையாக முக்காடு ஏறியது. பேராயர் ஒரு கணம் குழம்பி, பிறகு அவரும் குனிந்தார். பின்னால் நின்ற ஒருவர் பிரியாணி அண்டாவைத் திறக்கச் சொல்ல ஓடினார். டேனியல் மட்டும் மைக்கைப் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றான். இன்னும் நாலு பேர் பேச வேண்டும், கேக் வெட்ட வேண்டும், பேராயர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சத்தியவதி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். யாரும் பார்க்கவில்லை, எல்லோர் கண்ணும் மூடியிருந்தது. மாலை சரசரக்க மேடைப் படியில் இறங்கி, நடைபாதையில் நடந்து, மூன்றாவது பெஞ்சில் பவுனை இடித்துத் தள்ளித் தன் இடத்தில் நின்றாள். முக்காடு போடவில்லை. அந்தக் கோயிலில் பெண்கள் பக்கம் அந்த ஒரு தலை மட்டும் திறந்திருந்தது.

பழக்கத்தில் ஐயரின் கண் அந்த இடத்துக்கு வந்தது. அவளைப் பார்த்தது. திறந்த தலையைப் பார்த்தது. அப்படியென்றால் இது ஜெப நேரமில்லை. ஆசீர்வாதத்தைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். கை அந்தரத்தில் நின்றது. சத்தியவதி உட்கார்ந்து, கைப்பையைக் காலடியில் வைத்தாள். பேசலாம்.

ஐயர் கையை இறக்கினார். கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார்.

"உக்காருங்க எல்லாரும். தப்பான நேரத்துல ஆசீர்வாதம் சொல்லிட்டேன். என்ன செய்ய, எனக்குக் காது கேக்காது. ரெண்டும். ஆறு வருஷமாச்சு."

கோயிலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

"இப்ப நீங்க பாடினது, பேசினது ஒண்ணும் எனக்குத் தெரியாது. நல்லதாத்தான் சொல்லியிருப்பிய. அந்தா, மூணாவது பெஞ்சுல இருக்கா பாருங்க. அவ புத்தகத்த மூடினா பாட்டு முடிஞ்சுது. அவ முக்காட்ட இறக்கினா ஆமென். வீட்டுல வந்து நீங்க அழுதுகிட்டே சொன்னதையெல்லாம் கேட்டது அவதான். எனக்கு ஒண்ணொண்ணா வாயசைச்சுச் சொல்லி ஜெபம் பண்ண வச்சதும் அவதான். சேவியர், உன் மாற்றல் ரத்தாகும்னு எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. நீ சொன்னதே கேக்கல. இத்தன நாளா அது ஒரு பாரம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சத்தியவதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆறு வருஷம் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதை இந்த மனுஷன் ஒரு நிமிஷத்தில் போட்டு உடைக்கிறார். காலடியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்தாள். நிறுத்துங்கள். ஐயர் அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார். ஆறு வருஷத்தில் முதல் தடவை அவள் சொன்னதை மீறினார்.

"அவளையும் மேடையில ஏத்தி மாலை போட்டிய. சந்தோஷம். ஆனா அவ இங்க வந்து உக்காந்திருந்த இந்தக் கொஞ்ச நேரந்தான் நான் செவிடனா இருந்தேன்."

அவ்வளவுதான் ஏற்புரை. பேராயருக்குத் தமிழ் தெரியாது. டேனியல் அவர் காதில் சொல்லச் சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கூடத்தில் பிரியாணித் தட்டோடு பெண்கள் சத்தியவதியைச் சூழ்ந்துகொண்டார்கள். "அப்போ நான் எங்க மாமியார பத்திச் சொன்னதெல்லாம் உனக்குத்தான் கேட்டுச்சா?" என்று பவுன் கன்னத்தில் கை வைத்தாள். "எனக்குத்தான்" என்றாள் சத்தியவதி. "அப்ப பரவால்ல. ஐயா கிட்ட அந்த வார்த்தையெல்லாம் சொல்லிட்டமேன்னு எத்தினி நாளு வெக்கப்பட்டேன் தெரியுமா?" ஒருவரும் கோபிக்கவில்லை. ஏமாற்றிவிட்டார் என்றும் யாரும் சொல்லவில்லை. சேவியர் மட்டும் கொஞ்சம் மனம் விட்டுப்போய் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு தீர்க்கதரிசி கையை விட்டுப் போவது சின்ன விஷயமில்லை.

சத்தியவதியின் கோபம் தீரவில்லை. ஆட்டோவில் வீடு திரும்பும்போது பேசாமல் வந்தாள். காது கேட்காதவரிடம் பேசாமல் இருந்து என்ன பிரயோசனம்? அதனால் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள்.

"ஏன் மூஞ்சியத் திருப்புத? நான் பாக்கணும்லா" என்றார் ஐயர், ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற குரலில். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி எச்சரிக்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. இனி எதற்கு? ஊருக்கே தெரிந்துவிட்டது. மூன்றாவது பெஞ்சுக்கு இனி வேலை இல்லை.

ஊரின் மறுகோடியில், கோந்த்வாவில், மகள் அலினாவின் வீடு பூட்டிக் கிடந்தது, அவள் மஸ்கட்டில் இருந்தாள். அங்கே குடிபோனார்கள். இரண்டு வாரத்தில் டேனியல் தன் கூட்டாளிகளோடு ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். புது மாதிரி காது மெஷின், கடலைப் பருப்பு அளவுதான், கீச்சென்று கத்தாது. "சர்ச் கிஃப்ட், ஆன்ட்டி" என்றான். சத்தியவதி நன்றி சொன்னாள். சொல்ல வேண்டியதுதானே.

மெஷின் வேலை செய்தது. முழுக்க இல்லை, ஆனால் போதுமான அளவு. ஐயர் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். காக்கா கத்துகிறது என்றார். மாடிவீட்டில் யாரோ மசாலா இடிக்கிறார்கள் என்றார். ஹிந்திச் செய்தி போட்டுக் கேட்டார். செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "சத்தியா, காப்பி" என்று அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தார். பதிலையும் அங்கிருந்தே கேட்டுக்கொண்டார். அவள் பச்சைச் சேலை கட்டினாள், நீலம் கட்டினாள். ஒருநாள் மகளின் சுடிதார் துப்பட்டாவைச் சேலைக்கு மேல் சும்மா போர்த்திக்கொண்டு நடமாடிப் பார்த்தாள். செய்தித்தாள் இறங்கவில்லை. அவள் அழவில்லை, ஆனால் அன்றைக்கு ரசம் உப்புக் கரித்தது. ஐயர் அதையும் கவனிக்கவில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு வந்தே தீர வேண்டும் என்று டேனியல் அழைத்தான். ஓய்வு பெற்ற பிறகு கட்கி கோயிலுக்கு அவர்கள் போனது அதுதான் முதல் தடவை. புது ஐயர் இளைஞர், கடிகாரத்தைப் பார்த்துப் பிரசங்கம் செய்தார். ஜார்ஜ் ஐயர் அங்கி இல்லாமல், வெள்ளைச் சட்டையோடு ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் நடைபாதை ஓரம் உட்கார்ந்தார். சத்தியவதி தன் பழைய இடத்தில். பவுன் அதை யாருக்கும் விடாமல் பிடித்து வைத்திருந்தாள்.

கீர்த்தனை பாடினார்கள். சேவியர் வழக்கம்போல இழுத்தடித்துக் கையைத் தூக்கினான். சத்தியவதியின் கை தானாகப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தது. யாருக்காக என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் ஜெபம். எல்லோரும் எழுந்து நின்றார்கள். முக்காடு போட்டாள், கண்ணை மூடினாள். புது ஐயர் நீளமாக ஜெபித்து, ஆமென் என்றார். சபை ஆமென் சொல்லி உட்கார்ந்தது. அவளும் உட்கார்ந்தாள். அறுப்பின் காணிக்கையாக வந்த பூசணிக்காய்களைப் பார்த்தபடி முக்காட்டை இறக்க மறந்திருந்தாள்.

பவுன் தொடையில் இடித்தாள். "ஐயா இன்னும் நின்னுக்கினு இருக்காரு பாரு. மெஷினு ரிப்பேரா?"

சத்தியவதி திரும்பினாள். நடைபாதைக்கு அந்தப் பக்கம், உட்கார்ந்துவிட்ட சபைக்கு நடுவில் ஜார்ஜ் ஐயர் ஒருவர் மட்டும் தலை குனிந்து, கை கட்டி நின்றார். அரைக்கண் திறந்திருந்தது. அது நேரே அவள் தலையில் இருந்தது.

மெஷின் காதில்தான் இருந்தது. அதில் பழுது எதுவும் இல்லை. காலையில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, மூன்று விசில் வந்துவிட்டது, குக்கரை இறக்கு என்று சொன்ன காது அது.

பின்வரிசையில் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். புது ஐயர் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். சத்தியவதி முந்தானையைப் பிடித்தாள். பிடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டாள். நிற்கட்டும். இத்தனை வருஷம் கடிகாரத்தையும் செய்தித்தாளையும் பார்த்த மனுஷன், இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

பிறகு முக்காட்டை இறக்கினாள். ஐயர் உரக்க, அளவு தெரியாத பழைய குரலில், "ஆமென்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.